வேலிக்கு வெளியே அளந்தவர்

திங்கட்கிழமை. முதல் ஷிஃப்ட் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. நிலத்தடி நீர்ப் பிரிவு அலுவலகத்தில் நான் தட்டச்சுப் பொறியில் கார்பன் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். ஜீப் ஓட்டுநர் மரியதாஸ் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தேவநாதன் போயிட்டாருங்க. கடலூர் ஆஸ்பத்திரியில, விடிகாலையில."

மஞ்சள் காமாலை என்று பத்து நாள் படுத்திருந்தவர். சனிக்கிழமை நான் பார்க்கப் போனபோதுகூட, "இந்த வாரம் யாரு சார் அளக்குறாங்க?" என்றுதான் கேட்டார்.

அவரோடு பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சுரங்கத்தில் கரிப் படுகைக்கும் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சுரங்கத்தைச் சுற்றி இறக்கியிருக்கும் குழாய்களில், சுண்ணக்கட்டி தடவிய இரும்பு டேப்பை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று வாராவாரம் பார்த்து எழுதுவது தேவநாதனின் வேலை. அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை. நீர்மட்டம் இறங்கியிருந்தால் எங்கள் அதிகாரி முகம் மலரும்.

தேவநாதன் காடாம்புலியூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். துளை போடும் வேலைக்கு கான்ட்ராக்டில் வந்து பெர்மனென்ட் ஆனவர். முதன்முதலில் போட்ட ஒரு துளையில், பம்பே இல்லாமல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பொங்கியதை எனக்குச் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்களாம். "அன்னிக்கி எல்லாரும் சிரிச்சிகினு இருந்தோம் சார். ஒருத்தருக்கும் பயம் வரல" என்பார்.

சில ஆண்டுகள் கழித்து அந்தத் துளையில் பொங்குவது நின்றது. அதே கோடையில் அவருடைய அண்ணன் ஏகாம்பரம் அலுவலக வாசலுக்கே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "நீங்க இங்க தண்ணிய இஸ்துகினே இருக்கறீங்க, அங்க எங்க கெணத்துல வாளி தரை தட்டுதுடா. ஒன் சம்பளமே எங்க தண்ணிடா!" அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். நான்கு கிணறுகளை அளந்து, தனி நோட்டில் குறித்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் விட்டதில்லை.

சுரங்கத்தை விரிவாக்கலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து குழு வந்தது நினைவிருக்கும். விருந்தினர் மாளிகைக் கூடத்தில் குழுத் தலைவர் பேசினார். மற்ற நாடுகளோடு போட்டியிட நமக்கு மின்சாரமும் உரமும் மலிவாகக் கிடைக்க வேண்டும், புதிய இயந்திரங்களைத் தாமதமில்லாமல் கொண்டுவருவதே அரசின் கொள்கை என்றார். கைதட்டினோம். நானும் மனதாரத்தான் தட்டினேன். குறிப்பெடுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். நீர்மட்ட விவரம் சொல்ல தேவநாதனை அழைத்திருந்தார்கள்.

தமிழ் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "தண்ணி இறங்குதுதானே? நல்ல செய்திதானே?"

"சுரங்கத்துக்கு நல்லதுங்க. எங்க ஊர்ல நாலு கெணறும் எறங்கிகினே போவுதுங்க." நோட்டை நீட்டினார்.

"மழை குறைவா இருந்திருக்கும்."

"இருக்கலாங்க. அதுக்குத்தான் சுரங்க வேலிக்கு வெளியவும் குழாய் போட்டு அளக்கணுங்க."

"இன்னும் எவ்வளவு தூரத்துக்கு இறங்கும்னு நினைக்கிறே?"

"தெரியலைங்க. யாருக்கும் தெரியாதுங்க. கரி வேணான்னு நான் சொல்லல. எவ்ளோ எடுக்கறோம்னு தெரிஞ்சிகினு எடுக்கலாங்க."

உறுப்பினர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

அவர் உயிரோடிருந்தவரை நான் யாரிடமும் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது. நோட்டில் இருந்ததை இரண்டு பக்கமாகத் தட்டச்சு செய்தேன். அறிக்கையை டெல்லிக்கு அனுப்புவதற்கு முன் மேலதிகாரி ஒருவர் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் விரலால் ஒதுக்கினார். "இது நம்ம குழாய் இல்லையே" என்றார். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. எடுத்தது நான்தான். மாலையில் தேவநாதன் வந்து, "சேத்தீங்களா சார்?" என்று கேட்டார். "சேத்தாச்சு" என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்களில் அச்சிட்ட அறிக்கை வந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது, எண்கள் தெரியும். கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தள்ளினார். நான் தலையைத் தூக்கவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை. அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ கேப்பாங்க சார். அப்ப நம்மகிட்ட இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளில் போனார்.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. புதிய பம்புகள் லாரியில் வந்து இறங்கின. இன்னொரு தடவை யாரும் கேட்கவில்லை.

தேவநாதனின் காரியத்துக்குப் போன அன்று ஏகாம்பரம் அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். "அவன் ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னான்" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து முழுவதையும் தட்டச்சு செய்தேன். அறிக்கையிலிருந்து அந்த இரண்டு பக்கங்களை எடுத்தது யார் என்று என் பெயரிட்டு எழுதி, மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டும், அதிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும். இப்போது நான்தான் போகிறேன். போன வாரம் மூன்று கிணறுகளின் மட்டத்தைக் குறித்தேன். நான்காவது, ஊர்க் கோடியில் இருக்கும் காலனிக்காரர்கள் குடிக்க எடுக்கும் கிணறு. ஏகாம்பரம் டேப்பை வாங்கித் தானே இறக்கினார். கீழே டேப் நுனியில் கட்டிய ஈயக்குண்டு கல்லில் மோதும் சத்தம் கேட்டது. குடத்தோடு நின்றிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அன்றைய தேதிக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். பிறகு எழுதினேன்: தண்ணீர் இல்லை.