சமையலறைக்கு அடியில்

நீவெஸ் வெனிஸிலேயே பிறந்து அங்கேயே அறுபத்து மூன்று வயதைத் தொட்டவள். ஆனால் அந்நாளைய ஆட்சித் தலைவரான டோஜின் அரண்மனைக்குள் அவள் முதன்முதலாகக் கால் வைத்தது 1998 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை. அதுவும் பிரேசிலிலிருந்து வந்திருந்த இவோனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால்தான். இவோனேயின் தாத்தாவும் நீவெஸின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். கப்பலேறிப் போன குடும்பம் இன்னும் வீட்டில் வெனிஸ் பேச்சைத்தான் பேசியது. அந்தப் பழைய பேச்சைக் கேட்டால் நீவெஸுக்குச் சிரிப்பு வரும்.

"இந்த ஊர்லயே பொறந்தவ, இதைப் பாக்கலையாடி நீ?" என்றாள் இவோனே, பொன் பூசிய கூரையை அண்ணாந்து பார்த்தபடி.

"எங்க நேரம்? முப்பத்தோரு வருஷம், தினம் நூத்தி இருபது பிள்ளைங்களுக்குப் பாஸ்தா வடிச்சேன். ஞாயித்துக்கிழமை வந்தா, எப்படா காலை நீட்டுவோம்னு இருக்கும்."

காஸ்தெல்லோ பகுதியில் ஒரு பாலர் பள்ளியின் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். கணவர் எர்மெஸ் படகுப் பேருந்து ஓட்டியவர். இடுப்பெலும்பு தேய்ந்து, இப்போது கோலூன்றி நடக்கிறார். இருவரும் தரைத்தளத்தில், கால்வாயை ஒட்டிய வீட்டில் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறார்கள்.

அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுக் கால்வாயின் இரு முனையிலும் இரும்புத் தகடுகளை இறக்கி அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாக அள்ளாத சேறு. நாற்றம் தாங்காமல் நீவெஸ் ஜன்னலைத் திறக்கவேயில்லை. காலையில் கிளம்பும்போது இடுப்பளவு தண்ணீர் இருந்தது.

அரண்மனை, மணிக்கூண்டு, நின்றபடியே ஒரு கோப்பை வைன், வறுத்த மீன். இரண்டு மணிக்கு இவோனே, "உன் வீட்டை ஒரு படம் எடுக்கணும். எதிர்ல நின்னு எடுத்தாத்தான் எங்க ஊர்ல நம்புவாங்க" என்றாள். அதனால் வழக்கமான சந்தில் திரும்பாமல், மாதா கோயில் பின்னால் சுற்றிப் பாலத்துக்கு வந்தார்கள்.

கால்வாய் வற்றிக் கிடந்தது. கருஞ்சேற்றில் ஒரு சைக்கிள் சக்கரம், பீங்கான் தொட்டி, கணக்கில்லாத பாட்டில்கள். இவோனே சிரித்துக்கொண்டே கேமராவைக் கண்ணில் வைத்தாள். சிரிப்பு நின்றது.

"நீவெஸ், உன் வீட்டுக்குக் கீழ வாசல் ஏதாவது இருக்கா?"

"தண்ணிக்குள்ள வாசல் எதுக்கு?"

நீவெஸ் பார்த்தாள். அவளுடைய சமையலறை ஜன்னல். அவள் காயப்போட்ட பாத்திரத் துணி. அதற்குக் கீழே செங்கல் சுவர், தண்ணீர் மட்டத்தில் படிந்த பாசிக்கோடு. பாசிக்கோட்டுக்குக் கீழே சுவரைக் காணோம். சமையலறை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு கருங்குகை. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கவசம் போட்ட ஒரு கூலியாள் சேற்றில் நடந்து வந்து, குனியக்கூட இல்லாமல் அதற்குள் நுழைந்து மறைந்தான்.

இவோனே ஏதோ சொன்னாள், அவள் காதில் விழவில்லை. போன வருடம் நாலு பேர் தூக்கிவந்து வைத்த துணி துவைக்கும் இயந்திரம் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்த பதினாலு பேர் ஞாபகம் வந்தார்கள். அப்புறம் எர்மெஸ். எர்மெஸ் இந்நேரம் அங்கேதான் இருப்பார்!

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்தபோது எர்மெஸ் அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கணவாய் மீனைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? தட்டை எடு."

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் கையைப் பிடித்தாள்.

"எந்திரி. வெளியே வா."

"என்ன ஆச்சு உனக்கு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கீழ ஒண்ணுமில்ல எர்மெஸ். நான் பாத்தேன். நமக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

"அடிப் போடி. நானூறு வருஷமா நிக்கிற வீடு. நான் மீன் திங்கிற அன்னிக்குப் பாத்தா விழப்போகுது?"

அப்போது யாரோ இருமினார்கள்.

இவோனே இல்லை. அவள் வாசலில் நின்றாள். இருமல் தரைக்குள்ளிருந்து வந்தது. பிறகு ஒரு குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக: "ஸ்டெலியோ! இங்க வந்து பாருங்க, மேல வெறும் தரையோடுதான் நிக்குது." பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு தரையோடுகளுக்கு நடுவே, மெல்லிய கோடாக வெளிச்சம் மேலே வந்தது. டார்ச் வெளிச்சம். அது எர்மெஸின் செருப்பைத் தாண்டி நகர்ந்து போனது.

எர்மெஸ் கோலைக்கூட எடுக்காமல் எழுந்தார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளைத் தாங்கி, சுவரோரமாகவே அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

மேஸ்திரி ஸ்டெலியோ சேற்றுக் காலோடு ஓடிவந்தார். "மேல யாராவது இருக்காங்களா? யாரும் உள்ள போகாதீங்க சிஞோரா!"

"எத்தனை வருஷமா இப்படி?" என்றாள் நீவெஸ்.

"யாருக்குத் தெரியும்? மோட்டார் படகு அலை ஒவ்வொரு கல்லா உருவியிருக்கு. இருபது வருஷமோ, முப்பதோ. தண்ணிதான் மூடி வச்சிருந்துச்சு."

அந்தக் கணக்கில் அவள் மகன் நடை பழகியதும் அடியில் ஒன்றுமில்லாத அந்தத் தரையில்தான். அவள் சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே மரத்தூண்களை முட்டுக்கொடுத்தார்கள். துணிமணி எடுக்கத் தீயணைப்புக்காரர்கள் கால் மணி நேரம் தந்தார்கள். ஜுதெக்கா தீவில் எர்மெஸின் தங்கை வீட்டில் பதினோரு வாரம் தங்கினார்கள். அங்கே நாலாவது மாடி. நீவெஸ் அறைக்கு நடுவில் நடக்கவே மாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு போவாள். பிள்ளை பெற்ற வலியைக்கூட நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கிறவள், இதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

மே மாதம் வேலை முடிந்து, அடைப்பை எடுத்து, கடல் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அவள் தனியாகப் பாலத்தில் நின்று பார்த்தாள். புதுச் செங்கல் வரிசை வரிசையாக மூழ்கியது. ஒரு மணி நேரத்தில், எதுவும் நடக்காததுபோல் தண்ணீர் பச்சையாக மினுங்கியது. அதைப் பார்த்தபோது, குகையைப் பார்த்த அன்று வந்த அதே பயம் அவளுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தாள். எர்மெஸ் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைக்குள் வரமாட்டேன் என்றார். அவள் நேராக உள்ளே போய், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வலது காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று அலறினார் எர்மெஸ்.

"சும்மா இரு. கீழ கெட்டியா இருக்கான்னு சத்தம் கேக்கறேன்" என்று சொல்லி, அவள் இன்னொரு முறை மிதித்தாள்.