தண்ணீர் நிறுத்திய குழாய்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய் போயிற்று. உள்ளே ஆள் குனிந்து நடக்கலாம், அவ்வளவு பெரியது. அதற்குத் தார் பூசுவது அப்பாவின் வேலை. குடியிருப்பு கிடைத்ததும் அதனால்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு அக்காவின் மாமியார் மறையூரிலிருந்து வந்தார். கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர் குழாயைத் தொட்டுவிட்டார். கை நனைந்தது.

"அது வேர்வை சம்மந்தி. உள்ள பச்சத்தண்ணி, வெளிய மூடுபனி. வேர்க்கத்தான செய்யும்" என்றார் அப்பா.

"வேர்வையோ ஓட்டையோ, ராத்திரியில வெடிச்சா? சர்க்கார் குழாய்தான, சர்க்கார் ஆளு பாத்துச் சொல்லட்டும். அப்பத்தான் பிரசவத்துக்குப் புள்ளைய அனுப்புவேன்."

தலைப்பிரசவத்துக்கு மகள் வராவிட்டால் அம்மாவால் யார் முகத்திலும் விழிக்க முடியாது. வீட்டில் பத்தாவது முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் சர்க்காரைக் கேட்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் நானே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வெயிலில் ஒரு பழந்துணியால் குழாயைத் துடைத்தேன், காய்ந்தே கிடந்தது. மூடுபனி இறங்கியதும் நனைந்தது. சரி, வேர்வைதான். ஆனால் மூடுபனியே இல்லாத ஒரு காலையில் இணைப்புக்கு அடியில் மட்டும் ஈரம் நின்றது. இரவுப் பனியா, கசிவா, தெரியவில்லை.

பராமரிப்பு ஆபீசில் மலையாளி ஓவர்சியர், "போன வருஷம் இன்ஸ்பெக்சன்ல சரின்னு எழுதியாச்சு. பின்னே பராதி எதுக்கு?" என்றார். புகாரைத்தான் அப்படிச் சொன்னார். இந்த வருஷத்து இன்ஸ்பெக்சன் அடுத்த மாதம் என்றும் சொன்னார். காத்திருந்தேன்.

இன்ஸ்பெக்சன் அன்று காலையிலேயே மேலே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். குழாயின் மூடியைத் திறந்து, டார்ச்சும் சுத்தியலுமாக ஒரு மலையாளி அதிகாரி உள்ளே போனார். டங், டங் என்று தட்டுகிற சத்தம் எங்கள் வீடுவரை வந்தது. முழங்காலெல்லாம் துருவோடு வெளியே வந்தவரிடம் போய் நின்றேன்.

"சார், குழாய் கசியுதுங்களா?"

"உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி இல்லையடோ. எங்ஙனே கசியும்?"

"தண்ணி இருக்கும்போது பாத்தா என்ன சார்?"

"தண்ணி இருந்தா நான் எங்ஙனே உள்ளே போகும்?"

பக்கத்தில் நின்ற ஓவர்சியர் சிரித்தார். நான் விடவில்லை. வெளியிலிருந்து பார்க்கலாமே என்றேன்.

"வெளியே பார்க்கறது இவரோட பணி. எனக்கு இரும்பு. இரும்பு நல்லா இருக்கு."

ஓவர்சியர் பக்கம் திரும்பினேன். "சார் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே, நான் என்ன பார்க்கணும்?" என்றார் அவர்.

இருவரும் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. இரும்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் சர்க்காரில் எங்கேயாவது இருப்பார் என்று நம்பினேன். அவர் எந்த ஆபீசில் இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

வளைகாப்பு முடிந்ததும் மறையூருக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அக்காவின் மாமியாரான அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ தண்ணி இல்லாட்டி அது நல்ல குழாய்."

"ஆமா அத்தை."

"பிரசவம் முடியிற வரைக்கும் தண்ணிய நிப்பாட்டி வைக்கச் சொல்லேன்."

"ஊரு பூரா லைட்டு எரியாது அத்தை."

"எங்க வீட்டுல என்னைக்கு எரிஞ்சிருக்கு?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"படிச்சவன்தான நீ. வெடிக்குமா, வெடிக்காதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"இரும்பு நல்லா இருக்காம்" என்றேன்.

அக்கா அதற்குள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "அம்மா அங்கதான படுக்கா. எனக்கு மட்டும் என்ன?"

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் பையையும் எடுத்துக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குழாய்க்குத் தூரமா இருக்கிறது எந்த ரூம்பு?" சமையலறை என்றேன்.

வந்த கையோடு கட்டிலைச் சமையலறையில் போடவைத்தார். அடுப்புக்கு இடமில்லாமல் அது கொல்லைக்குப் போயிற்று. அன்று முதல் அம்மா குழாயை ஒட்டி உட்கார்ந்து சமைத்தாள். அம்மாவுக்கு அது பரவாயில்லையா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.