நடக்காத நான்காவது ஆட்டம்

டென்மார்க்கில் எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர் கிரிக்கெட்டை அறிந்தவர். ஆகவே பேஸ்போலையும் அறிந்தவர் என்று அவரே முடிவு செய்திருந்தார். என் அண்ணா பந்தெறியும் ஓகூஸ் நகர அணி, கோப்பன்ஹேகன் அணியோடு ஐந்து ஆட்டங்கள் கொண்ட அரையிறுதித் தொடரில் மோதப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, நான்காவது ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் அவனுக்குப் பாராட்டு விழா என்று நாள் குறித்துவிட்டார். அது ஞாயிற்றுக்கிழமை, பிரதம விருந்தினருக்கு அன்றுதான் வசதி. அண்ணாவுக்கு வசதியா என்று எவரும் கேட்கவில்லை. பாராட்டப்படுகிறவரின் சம்மதம் நம் விழாக்களில் கடைசியாகக் கவனிக்கப்படும் அலுவல்.

வாழ்த்துரை எனக்குக் கிடைத்தது. பத்து வயதிலிருந்து விபோர்க் நகரிலுள்ள சங்க மண்டபத்தில் பேச்சுப்போட்டிக் கிண்ணங்களை வென்றவள் நான்; ஆயினும் பெரியவர்களின் மேடையில் ஒலிவாங்கி ஒருமுறையும் என் பக்கம் திரும்பியதில்லை. மோனை தவறாத பதினைந்து நிமிட உரையை எழுதி மனனம் செய்தேன். அதில் அண்ணாவின் வலக்கரம் மட்டும் நான்கு நிமிடம் புகழப்பட்டது.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் அண்ணாவின் அணியினர் கோப்பன்ஹேகனில் தோற்றார்கள். தலைவரும் நானும் கலங்கவில்லை. தோல்வி என்பது விளையாட்டுக்காரரின் கவலை. எங்களுக்கு விழா இருந்தது.

மூன்றாவது ஆட்டம் சனிக்கிழமை ஓகூஸில் நடந்தது. கடைசிச் சுற்றில் அண்ணா எறிந்த பந்து எதிரணியின் மட்டையில் பட்டு வேலிக்கு அப்பால் பறந்தது, அதோடு தோற்றார்கள். இரு அணியினரும் கை குலுக்கினார்கள். நாளை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஐந்தில் மூன்றை வென்றவர்களே தொடரை வென்றவர்கள், நாளைக்கு ஆட்டமே இல்லை என்றான் அண்ணா.

தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“தொடர் தோத்தாலும் மிச்ச மட்ச் விளையாடுறதுதானே முறை, பிள்ளை? கிரிக்கெட்டில ஐஞ்சு எண்டால் ஐஞ்சுதான். ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. நீ போய் அவங்கட கோச்சோட கதை. உன்ர கதைக்கு ஆர் மறுக்கப்போறாங்கள்?”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். கோப்பன்ஹேகன் பயிற்சியாளரிடம் சென்று, நாளை ஒரு நட்பு ஆட்டமாவது ஆட வேண்டியதன் நியாயத்தை மூன்று வாதங்களாகப் பிரித்து, அவர் எழுப்பாத மறுப்புகளுக்கும் பதில் கூறி, டேனிஷ் மொழியில் வேண்டினேன். கையில் பியரோடு பொறுமையாகக் கேட்டவர், இது ஏதேனும் சமயச் சடங்கா என்று மரியாதையுடன் விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் மூன்று போதும் என்றார்.

திரும்பினால், தோளில் பையோடு அண்ணா நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

“எனக்காகவோ கேட்டனீ?”

பொய் சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு. எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கமும் பேசுவேன். அன்று வரவில்லை.

“இல்லை. என்ர பேச்சுக்காக.”

“நாளைக்கு நாலாந்தரமும் நான் தோத்தாலும் பரவாயில்லை?”

“ஓம்.”

அவன் பையை மறுதோளுக்கு மாற்றினான்.

“அப்ப வடிவாப் பேசு. நான் வரேல்லை.”

விழா விபோர்க் மண்டபத்துக்கு மாறியது, நாள் மாறவில்லை. அண்ணாவுக்கு அன்று மருத்துவமனையில் வேலை, அதனால் வர முடியவில்லை என்று அறிவித்தார்கள். அவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தான். அந்த வலக்கரத்தை ஒரு வெற்று நாற்காலியை நோக்கி நான்கு நிமிடமும் குறையாமல் புகழ்ந்தேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

அடுத்து எழுந்த பிரதம விருந்தினர், எஞ்சிய இரண்டு ஆட்டங்களிலும் தம்பி வென்று தமிழினத்துக்குப் பெருமை தேடித்தர வேண்டுமென்று வாழ்த்தினார். மண்டபம் அதிர்ந்தது. தலைவர் எல்லோரிலும் பலமாகக் கைதட்டினார்.

ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானும் கைதட்டினேன்.