அசையாமல் நின்ற ஆள்

பகலெல்லாம் தையல் மெஷினில் குனிந்தே கிடக்கும் அந்தத் தையல்காரிக்கு, இரவில் குட்டிக் கேமராவோடு ஊர் சுற்றுவதில் அப்படியொரு பைத்தியம். மணிக்கூண்டு, பாலம், கோட்டை வாசல் என எங்கே போனாலும் கேமராவைக் குட்டிச்சுவரில் வைத்து, ஒரு படத்துக்கே நெடுநேரம் லென்ஸைத் திறந்துவைப்பாள். நடந்துபோகிறவர்கள் அதில் விழ மாட்டார்கள். அசையாதது மட்டுமே பதியும்.

அன்றிரவு எடுத்த மூன்று படங்களை வீட்டுக்கு வந்ததும் பார்த்தாள். மூன்றிலும் ஒரே ஆள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தூணோடு தூணாக நின்று அவளையே பார்க்கிறான். ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போர்த்திப் படுத்திருந்த கணவனை உலுக்கினாள்.

"என்னங்க, எவனோ என் பின்னாடியே வந்திருக்கான்!"

போர்வைக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் குரல் வந்தது: "கத்தாதடி, நான்தான். உன்னைத் தனியா விட பயமா இருந்துச்சு. அசையாம நின்னா உன் கண்ணுல பட மாட்டேன்னு நினைச்சேன்."