போதுமான்னு கேட்காத மெஸ்

பரிமாறுகிற தொழிலில் ஒரு வியாதி உண்டு: யார் இலையிலாவது சோறு குறைந்து பச்சை தெரிந்தால் கை தானாக வாளிக்குப் போய்விடும். சாம்பார் வாளி தூக்கி அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

புதுச் சட்டம்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு. செங்கம் ரோட்டில் மாமாவின் மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மெஸ் மாடி ரூமுக்கு வாடகைக்கு நந்தினி அக்காவும் அவங்க அம்மாவும் வந்தார்கள். சாப்பாட்டைப் பார்த்தாலே பயந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, தேறி வந்தவங்க அக்கா. அம்மாதான் மாமாவிடம் விவரம் சொன்னார்கள்: மணி பார்த்து, அளந்து சாப்பிட்ட கட்டம் முடிந்துவிட்டதாம். இனி பசித்தால் சாப்பிடணும், வயிறு போதும் என்றால் நிறுத்தணும். யாரும் எண்ணக்கூடாது, வற்புறுத்தக்கூடாது, பாராட்டவும் கூடாது. இந்த மாதம் சரியாகப் போனால் ஜூனில் காலேஜ். இல்லையென்றால் மறுபடி ஆஸ்பத்திரி.

மாமா தலையைச் சொறிந்தார். "போதுமான்னு கேக்காம எப்படிம்மா? கேக்காம விட்டா என் சம்பந்தியே கோச்சுக்குவாரு!"

தோசைக்கு அடியில்

மூன்றாம் நாளே சமையல் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. அக்காவின் தோசைக்கு அடியில் ஒரு வடையை ஒளித்துவைத்து, சமையலறை ஜன்னலில் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்றார். அக்கா தோசையைத் தூக்கினாங்க. வடையைப் பார்த்தாங்க. ஜன்னலையும் பார்த்தாங்க.

"இது என் பசியா, உங்க பசியா மாஸ்டர்?"

வேண்டாத வேலை

எனக்கு எல்லார் குரலும் வரும். மாமா, மாஸ்டர், "வேலூர், வேலூர்" கண்டக்டர் என்று அக்காவைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு ஜாஸ்தியானதும் எனக்குக் கொழுப்பும் ஜாஸ்தியாகிவிட்டது. ஒரு மதியம் அக்கா சாப்பிடும்போது பின்னால் நின்று அவங்க அம்மா குரலில் விட்டேன்: "நந்து, இவ்வளவுதானா? இன்னொரு கரண்டி போட்டுக்கோயேன்டா!"

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. அக்கா இலையை மூடிவிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. ராத்திரியும் இறங்கவில்லை. காலேஜைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று என் சொந்தக் குரலில் மன்னிப்புக் கேட்டேன். அம்மா வெளியே வந்தார்கள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவங்க என்னிடம் கேட்டது இதுதான்:

"நான் அப்படியாம்மா பேசறேன்?"

பத்தரை மணி

மறுநாள் காலையில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தன் இட்லியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். அக்கா வரவில்லை. பத்தரை மணிக்கு, அடுப்பெல்லாம் அணைத்த பிறகு, தனியாக இறங்கி வந்து "பசிக்குது"ன்னாங்க. மாஸ்டர் தீப்பெட்டியைத் தேடி ஓடினார். மாமா "பேஷ்" சொல்ல வாயைத் திறந்தார், காலை மிதித்தேன்.

பொங்கல் வந்தது. அக்கா சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, அதில் பாதியை மீதி வைத்து, சாவகாசமாக இலையை மடித்தாங்க. பிறகு என்னைப் பார்த்து, அச்சு அசல் மாமா குரலில்:

"இன்னா, மூஞ்சி வாடிக் கெடக்குது? உக்காரு, வெக்கப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடு!"

ஜூனில் அக்கா காலேஜுக்குப் போயிட்டாங்க. மாமாதான் இன்னும் தேறவில்லை, இலையில் பச்சை தெரிந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுகிறார்.