பினாங்கில் நாலரை மணி மழை

பதினாறு வருடமாகச் சின்ன காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த மெஷின் முன்னால் நின்று நின்று எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கண்ணாடிமேல் கவிழ்த்து வைப்பதற்குள் பக்கத்தைப் படித்துவிடுவேன். வீட்டுப் பத்திரம், ஜாதகம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பள்ளிக்கூட டி.சி. என்று தெருவில் பாதிப் பேர் சமாசாரம் எனக்குத் தெரியும். அதுவும் அரைகுறையாகத்தான், ஏனென்றால் யாரும் எதையும் முழுசாக எடுப்பதில்லை.

அப்படி ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி தடிமனான புவியியல் புத்தகத்தோடு வந்தாள். பன்னிரண்டு பக்கம் வேண்டும் என்றாள். வெப்பமண்டல நாடுகள், அதில் தென்கிழக்கு ஆசியா. எரிமலை, டெல்டா, மழைக்காடு, படகிலேயே கூடும் சந்தை. நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே எடுத்தேன். பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, ‘இப்பகுதியில் மழை பெரும்பாலும் பிற்பகலில்’ என்று பாதியில் நின்றது.

"அடுத்த பக்கம் வேணாமாம்மா?"

"சிலபஸ்ல இதுவரைக்கும்தான்கா."

அவள் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. பிற்பகலில் அப்படி என்ன நடக்கும்? எங்கள் ஊரில் மழை ஐப்பசியில் வரும், கார்த்திகையில் வரும், வராமலும் போகும். கடிகாரம் பார்த்து வரும் மழையை நான் கேள்விப்பட்டதில்லை.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அடுத்த வருடம் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. புவியியல் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. என் கணவர் தறி நெய்கிறவர். விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இத படிச்சா இன்னா ஆவ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவமாட்டேன். தெரிஞ்சிக்கலாம்னுதான்."

"சரி, படி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் எனக்கு நாலு நோட்டும் ஒரு பென்சில் பெட்டியும் வாங்கி வந்தார். பெட்டியின்மேல் கார் பொம்மை போட்டிருந்தது.

என் கடைக்கு அடுத்த கடை அக்காவுடையது. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும், முந்தானை நுனியில் குச்சு கட்டுவதும் அவருடைய வேலை. முஸ்லிம் குடும்பம். பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். வீட்டில் உருது, வெளியே எங்கள் ஊர்த் தமிழ். கணவர் காலமாகி எட்டு வருடமாகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைகளுக்கு நடுவே அரைச் சுவர்தான் என்பதால் நான் சத்தம் போட்டுப் படிப்பதெல்லாம் அவர் காதில் விழும். விரல்கள் பட்டு நூலை முடிந்துகொண்டே இருக்க, திடீரென்று குரல் மட்டும் வரும்.

"நிலநடுக்கோடுன்னா அது நெசமாலுமே கோடாம்மா? யார்னா போட்டு வச்சிருக்காங்களா?"

"இல்லக்கா. கணக்குக்கு வச்சது."

"அதானே பாத்தேன்."

இரண்டாம் வருடத்தில் தென்கிழக்கு ஆசியா தனிப் பாடமாகவே வந்தது. பாடம் மண்டையில் ஏறியது, படம்தான் கைக்கு வரவில்லை. இந்தியாவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் அந்தப் பக்கத்துத் தீவுகள் இருக்கிறதே, கீழே விழுந்து உடைந்த பீங்கான் தட்டு மாதிரி. சுமத்ராவை வரைந்தால் வாழைக்காய் மாதிரி வந்தது. பத்துத் தாளைக் கசக்கிப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். பிறகு எழுந்து போய், தான் டிசைன் போடும் கட்டத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். புடவைக் கரையில் அன்னமோ யாளியோ வரவேண்டும் என்றால் முதலில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட அந்தத் தாளில்தான் வரைவார்கள். அதைப் பார்த்துத்தான் தறிக்கு வழிகாட்டும் துளை அட்டையைக் குத்துவார்கள்.

"புத்தகத்து படத்து மேலயும் கட்டம் போடு" என்றார். "அப்புறம் படத்த மறந்துடு. கட்டத்த மட்டும் பாரு. இந்தக் கட்டத்துல எந்த மூலையில கோடு நுழையுது, எங்க வெளிய போவுது. அவ்ளோதான்."

நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் வரைந்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மலாய் தீபகற்பம் முடிந்தது. இடது ஓரத்தில் நம் சென்னைக் கரையையும் போட்டு, போர்னியோவை முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வெற்றாக இருந்த கடலை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"நம்ம ஊரும் இதே பட்டையிலதான் இருக்குதா?"

"ஆமா. வெப்பமண்டலம்னா நம்மளும்தான். நம்ம கொஞ்சம் மேல இருக்கோம், அவங்க நடுக்கோட்டுக்கிட்ட இருக்காங்க. அங்க வருசம் பூரா மழை."

"வருசம் பூராவா? அப்ப பாவ எங்க நீட்டுவாங்க?" என்றார். அவர் வேலை அப்படி. பாவு என்கிற நெடுக்கு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கவேண்டும். அடைமழைக் காலத்தில் நூல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோய் எங்கள் வீட்டில் வேலை படுத்துவிடும். நான் பாடத்தைப் புரட்டித் தேடினேன். பாடப் புத்தகத்தில் நெசவு பற்றி, குடிசைத் தொழில் என்று ஒரே வார்த்தைதான் இருந்தது.

அந்தப் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காலை அக்கா பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"இதுல பினாங்கு எங்கம்மா இருக்குது?"

பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அவருடைய உடன்பிறந்த அக்கா கல்யாணமாகிப் போனது பினாங்குக்கு. ஆபா என்றுதான் சொல்வார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே சாப்பாட்டுக் கடை. கடைசியாக ஆபா ஊருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. தினம் போனில் பேசிக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அக்கா அதுவரை யோசித்ததே இல்லையாம். சென்னைப் பக்கத்தில் ஒரு விரலும் நான் வைத்த புள்ளியில் இன்னொரு விரலும் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோதானா? நான் என்னமோ அமெரிக்கா மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்."

அதன்பிறகு கடை திறந்ததும் முதலில் என் பக்கம் வந்து அந்தப் புள்ளியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பார். பென்சில் புள்ளி அழிந்துகொண்டே வந்தது. நான் பேனாவால் வைத்துக் கொடுத்தேன்.

மே மாதத்தில் ஆபா குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. பிள்ளைகள் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் கூட இருக்க ஆள் இல்லை. அக்கா போகத் தீர்மானித்தார். எப்போதோ எடுத்து வைத்த பாஸ்போர்ட் இருந்தது. பயமும் இருந்தது. அவர் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. விமானத்தைவிடக் கடல்தான் அவரைக் கலங்க வைத்தது.

"கீழ ஒண்ணுமே இருக்காதாம்மா? வெறும் தண்ணியா?"

நான் அவரைப் படத்தின் முன் உட்காரவைத்தேன். "மொதல்ல வங்காள விரிகுடா. கொஞ்ச தூரம் வெறும் தண்ணிதான், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் நிக்கோபார் தீவு. அது நம்ம நாடுதான், நம்ம ஆளுங்கதான் இருக்காங்க. அதத் தாண்டினா இந்தப் பக்கம் சுமத்ரா, அந்தப் பக்கம் மலேயா. நடுவுல மலாக்கா ஜலசந்தி. அதுக்குள்ள நொழஞ்சா பினாங்குதான்."

"நிக்கோபார்" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். படத்தை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துக் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் அவர் கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஃபால்ஸ் அடித்துவிட்டேன். குச்சு கட்டுவதுதான் சரியாக வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் அம்மா புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவங்க வரட்டும்மா, நான் அப்பவே எடுத்துக்கினு வர்றேன்" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜூன் மாதம், காஞ்சிபுரத்தில் கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. மெஷின் சூடு வேறு. அந்த மாதக் கடைசியில்தான் எனக்குப் பரீட்சை.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா கூப்பிடுவார். முதல் நாள் கூப்பிட்டபோது போனில் ஒரே இரைச்சல்.

"இன்னாக்கா சத்தம்?"

"மழைம்மா! நீ படிச்சிக்கினே இருப்பியே, சாயங்கால மழை, அது வந்துடுச்சு. மணி நாலரை."

"இங்க ரெண்டுதான்கா ஆவுது."

"அதெப்படி?"

சூரியன் அவர்களுக்கு நமக்கு முன்னாலேயே உதித்துவிடுகிறது என்று விளக்கினேன். "அப்ப ஆபா நம்மளுக்கு முன்னாடியே எழுந்துடறாளா தெனம்?" என்றார். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அந்த மழையைப் பற்றி அவர் சொன்ன அளவுக்கு என் புத்தகம் சொல்லவில்லை. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பதினொரு மணிக்குமேல் புழுங்கும். பருத்தி ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மூன்று மணிக்கு மேகம் மலைமேல் ஏறி உட்காரும். எதிர்வீட்டுச் சீனக்காரம்மா வெளியே வந்து கொடித் துணியை எடுத்தால் இன்னும் கால் மணி நேரத்தில் மழை என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். தெருவில் உடனே அடுப்பு மூட்டி வியாபாரத்தை ஆரம்பித்துவிடுவார்கள்.

"இங்க மாசமே கெடையாதும்மா. தையும் ஆடியும் எல்லாம் ஒண்ணுதான். ஆபா நடக்கறத வச்சுத்தான் நாள் போறதே தெரியுது."

ஆபாவைத் தாழ்வாரத்தில் நடக்கப் பழக்குவது அக்காவின் வேலை. முதல் வாரம் கதவு வரை. இரண்டாம் வாரம் செருப்பு அலமாரி வரை. சீனக்காரம்மா மீன் போட்ட அரிசிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கைதட்டுவாராம். அவருக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. இருவருமாக ஆபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மழை விடுவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடுவார்களாம். ஆபாவின் பேச்சில் மலாய் கலந்துபோய், அக்காவுக்குச் சில சமயம் பாதிதான் புரிந்தது. "ஆனா வலிச்சா நம்ம அம்மா கத்தற மாதிரியேதான் கத்தறா" என்று சொல்லிச் சிரித்தார்.

பரீட்சையில் மூன்றாவது கேள்வி, நிலநடுக்கோட்டுக் காலநிலையை விவரி. நான் விவரித்தேன். வெப்பச்சலன மழை என்று ஆரம்பித்து, புழுக்கம், மேகம், கொடித் துணி எல்லாவற்றையும் எழுதினேன். சீனக்காரம்மாவை மட்டும் எதிர்வீட்டார் என்று மாற்றிவிட்டேன். ஆறு பக்கம் போய்விட்டது. கடைசிக் கேள்விக்குத் தலைப்பு எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. பாஸ் ஆனேன். எத்தனை மார்க் என்று கேட்டவர்களுக்கு, "பாஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா ஜூலை முதல் வாரம் திரும்பி வந்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது. "நிக்கோபார பாத்தேம்மா. பச்சையா, குட்டியா. பக்கத்து சீட்டுக்காரருக்கு நான்தான் பேர் சொன்னேன்" என்றார். எனக்குத் தைலமும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். என் கணவருக்கு ஆபா தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். முழம் நீளத் துணித் துண்டு. கரும்பச்சையில் தங்கச் சரிகைப் பூ. அங்கத்து நெசவு, சொங்கெட் என்று பெயராம்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு நூல் எண்ணும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, துணியைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தைப் பார்த்தார். நெசவுக்காரர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். நானும் அக்காவும் காத்திருந்தோம்.

"நம்மள மாதிரியேதான் குறுக்க ஓடற ஊடையில சரிகைய தனியா கோத்திருக்காங்க" என்றார் கடைசியில். "ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவுல நூல வெட்டல. சுத்தமான கை. இத நெய்ஞ்சவங்கள பாத்தீங்களாக்கா?"

"இல்லப்பா. அது வேற ஊர்ல நெய்யறாங்களாம். ஆபா கடையில வாங்கினா. வீட்டுக்குள்ளயே தறி போட்டு நெய்வாங்கன்னு கடைக்காரன் சொன்னானாம்."

"அப்படியா" என்றார். துணியைக் கீழே வைக்காமல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று சொன்னார்கள். எங்கள் பாலாறு மணலாகத்தான் பெரும்பாலும் கிடக்கும். தண்ணீர் வந்தால் பார்க்கக் கூட்டமே கிளம்பிவிடும். ஒரு ஞாயிறு காலை நாங்கள் மூவரும் ஆட்டோ பிடித்து ஓரிக்கைக்குப் போனோம். கரையோரம் ஜனம். குடும்பத்தோடு வந்தவர்கள் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில், அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஆபாவை வீடியோவில் கூப்பிட்டார். கைத்தடியோடு செருப்பு அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்த ஆபா, படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஆறு இது?" என்றார்.

"நம்ம பாலாறுதான், ஆபா."

"பொய் சொல்லாத. நான் ஊர்ல இருந்த வரைக்கும் அதுல லாரிதானே போய்க்கினு இருந்துச்சு?"

"அல்லா மேல சத்தியமா. இரு, காட்டறேன்."

ஆபாவுக்கு ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை. கிட்டே கொண்டு போ, கிட்டே கொண்டு போ என்றார். என் கணவர் போனை வாங்கிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு மெதுவாக இறங்கினார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். என் புடவையை அக்கா பிடித்துக்கொண்டார். என் கணவர் குனிந்து, போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தார்.

"இப்ப கேக்குதாம்மா?"

ஆபா போனைக் காதில் ஒட்டிக்கொண்டார், திரையில் அவர் காது மட்டும்தான் தெரிந்தது.

"கேக்குதுப்பா" என்றார் ஆபா. "அப்படியே வச்சிக்கினு இரு."

என் கணவரும் அப்படியே, கை வலிக்க வலிக்க, பிடித்துக்கொண்டு நின்றார்.