சீலைக்குப் பின்னால் ஒரு அக்கோடியன்

"...வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்க, தம்பி. அந்தப் பெட்டிய மட்டும் கேக்காதீங்க."

சொன்னவர் சுபைதா ராத்தா. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது – ராத்தா இத்தாவில், கணவரை இழந்த பெண் ஒதுங்கியிருக்கும் காலத்தில், இருக்கிறார். கணவர் காசிம் காக்கா மவுத்தாகி இரண்டு மாதம் போல ஆகிறது. அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டாமல் இருக்கும் காலம் இன்னும் முடியவில்லை. அறை வாசலில் ஒரு பூப்போட்ட சீலை தொங்குகிறது. இந்தப் பக்கம் கதிரையில் நானும் தபேலா கணேசனும். அந்தப் பக்கம் ராத்தாவும், நாங்கள் கேட்டு வந்த பெட்டியும்.

பெட்டி என்றால் அக்கோடியன், துருத்தி வைத்த வாத்தியம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கலியாண ஊர்வலம் பார்த்தவர்களுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. வெள்ளைச் சாரன், அதற்கு மேல் அகலமான பச்சை இடுப்பு வார், நெஞ்சில் பெட்டி – மாப்பிள்ளைக்கு முன்னால் காசிம் காக்கா நடப்பார். சனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவரைப் பார்க்கும். ஒரு மாப்பிள்ளை என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்: "என்ட கலியாணத்தில என்னயும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

சரி, இப்போது எதற்குப் பெட்டி? காக்காவின் கடைசி மகள் பௌசியாவுக்குக் கலியாணம். காக்கா இருக்கும்போதே பேசி முடித்தது. இத்தா முடிந்த கையோடு நாள் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கணேசனைப் பிடித்துக்கொண்டார்கள் – ஊர்வலத்தில் காக்காவின் பெட்டிதான் வர வேண்டும். வாசிக்க ஆள் இருக்கிறது. பெட்டியை இப்போதே வாங்கிப் பழக வேண்டும். கேட்கக் கணேசனுக்குப் பயம். "நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். உங்களுக்கு வாய் இரிக்கி, வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வாய் இருந்து என்ன? ராத்தா ஒரே வசனத்தில் அடைத்துவிட்டாரே.

பாட்டுக்காரர்கள் வீட்டுக்கு உதவமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. காக்காவிடம் அது எடுபடாது. மூன்று பெண் பிள்ளைகள். பள்ளிக்கூட நாட்களில் மூன்று பேருக்கும் தலை பின்னி விட்டது வாப்பாதான். அக்கோடியன் கட்டைகளில் ஓடிய விரல்கள் – பின்னல் எவ்வளவு வேகமாக விழும் என்று சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சீப்போடு வந்து நிற்குமாம்.

வீட்டில் இல்லாவிட்டால் கலியாணத்தில் இருப்பார். கலியாணத்திலும் இல்லாவிட்டால்? மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் ஏறியிருக்கும், தோணியோடு நிற்பார். அல்லது எங்கோ ஒரு மவுத்து, கபுர்க்குழி வெட்டப் போயிருப்பார். பாதி ஊர்வலத்தில் மவுத்துச் செய்தி வந்து, பெட்டியைக் கணேசனின் தோளில் மாட்டிவிட்டு மண்வெட்டி தேடிப் போன கதையெல்லாம் உண்டு. வெட்டி முடிந்தால் ஒரு பிளேன்டீ குடிக்கக்கூட நிற்கமாட்டார்.

சூறாவளி அடித்த வருசம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டுவிட்டது. றோட்டு முழுக்கத் தென்னை மரங்கள் விழுந்து கிடக்கின்றன. காக்கா ஒரு கதவைக் கழற்றினார். பெட்டியின் தோள் வார்களையும் கழற்றினார். கதவில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, வாரால் கட்டி, விழுந்த மரங்களுக்கு மேலால் ஆஸ்பத்திரி வரை தூக்கிப் போனார்கள். பிள்ளை பிறந்தது. வார் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு, கோமாரியில் மீன்பிடிக்கிற கூட்டாளி ஒருவர் கொடுத்த வலைக்கயிறுதான் பெட்டிக்கு வார். "தோள வெட்டுதே காக்கா, புதுசு போடுங்களன்" என்றால், "அந்தப் புள்ள வளந்து கொண்டு வந்து தரட்டும்" என்பார்.

இத்தனை பேரின் கலியாணத்துக்கு வாசித்தவர், சொந்த மகளின் கலியாணத்துக்கு வாசித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாத்தியம் மாப்பிள்ளையோடு வரும். பெண்ணின் வாப்பா வாசல் கேற்றடியில் நின்று கைபிடித்து உள்ளே அழைக்க வேண்டும்.

மூத்த மகளின் கலியாணத்தில் காக்கா நின்றார்... கொஞ்ச நேரம். தூரத்தில் ஊர்வலம் வந்தது. அன்றைக்குப் பெட்டி வேறொருவர் கையில் – மெட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். காக்கா பல்லைக் கடித்தார். சால்வையைச் சரிசெய்தார். பிறகு ஆளைக் காணவில்லை.

ஊர்வலம் வந்து சேர்ந்தபோது கேற்றடியில் வரவேற்க ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் மாமா கொதித்துவிட்டார். "பொண்ணுட வாப்பா எங்க? மாப்புளய றோட்டுல நிப்பாட்டுறதா?"

"இந்தா, உங்களுக்கு முன்னால வாசிச்சிட்டு வாறாரே" என்றான் கணேசன்.

காக்கா பெட்டியைக் கழற்றாமலே கேற்றுக்குள் ஓடி, திரும்பி நின்று, "வாங்க, வாங்க" என்று கையை நீட்டினார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணம் பிழைத்தது.

ராத்தா சிரிக்கவில்லை. "இனி என்ட புள்ளயள்ட கலியாணத்தில அந்தப் பெட்டி வரப்படாது" என்றார். இரண்டாவது மகளின் கலியாணத்தில் காக்கா அசையாமல் நின்றார். விரல்கள் மட்டும் கேற்றுக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது கணேசன் மெல்ல வாயைத் திறந்தான். "ராத்தா, காக்கா இரிந்தா கேற்றடியில நிண்டிருப்பார். இப்ப..."

"இப்ப ஆரு நிக்கிற?"

"உங்கட தம்பி நிப்பார்தானே."

"ஓம், அவன் நிப்பான். அவனுக்குப் பாட்டு ஒண்டும் தெரியா. ஓடமாட்டான்."

அந்தப் பக்கம் சிரித்த மாதிரி இருந்தது. முகம் தெரியாதே, எப்படி நிச்சயமாகச் சொல்ல?

தேத்தண்ணியோடு வந்த பௌசியா போகாமல் நின்றாள். "உம்மா, குடுங்களன்."

"கலியாணப் பொண்ணு வாயத் திறக்கப்படாது."

பிறகு ராத்தாவின் குரல் இறங்கி வந்தது. "அவர் இருக்கக்குள்ள நான் இந்தப் பெட்டிக்கு ஏசாத நாளில்ல, தம்பி. இப்ப இதோடதான் கதைக்கிறன். எதிர்த்து ஒண்டும் சொல்லாது. அவரப் போலதான். இதும் போனா, இந்த அறைக்குள்ள எனக்கு ஆரு?"

ஊருக்கு உழைத்த மனிதர் போனால், அவர் சாமானையும் ஊர் உரிமையோடு கேட்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று அவர்தானே பழக்கி வைத்தார்? ஆனால் அந்த மனிதரை இத்தனை வருசமாக ஊருக்கு விட்டுக்கொடுத்த ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார். அவரிடம் யாராவது கேட்டிருக்கிறோமா? இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறோம். இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லையா?

"சரி ராத்தா, நாங்க போயிட்டு வாறம்" என்று எழும்பினேன். கணேசன் வாசலில் செருப்பைத் தேடினான்.

சீலையின் கீழ்ப்பக்கம் அசைந்தது. ஒரு மூலை தெரிந்தது. பிறகு, மெதுவாகத் தள்ளத் தள்ள, அக்கோடியன் முழுதாக இந்தப் பக்கம் வந்து பெருமூச்சு விட்டு நின்றது.

வலைக்கயிற்றைக் காணவில்லை. அந்த இடத்தில் காக்காவின் பச்சை இடுப்பு வார் – இரண்டாக வெட்டி, தோளுக்கு அளவாகத் தைத்திருந்தது.